சீனியர் வீரரை வைத்துக்கொள்வதா, விடுவதா? கிளப்களுக்கு முன்னால் உள்ள வழிகள்

மே 31. இந்திய கால்பந்தின் பெரிய லீகான ஐ.எஸ்.எல். வீரர்கள் பலருடைய கான்ட்ராக்ட் முடியும் தேதி அது. அதற்கு ஒரு மாதம் முன்பே பெங்களூரில் கௌதமபுரத்து டீக்கடைகளிலும் ஆஸ்டின் டவுன் மைதானத்திலும் வாக்குவாதம் ஆரம்பமாகிவிடும். "இன்னும் ரெண்டு வருஷம் கால்ல இருக்கு மச்சான், விடக் கூடாது" என்பார் ஒருவர். "முப்பத்தஞ்சு ஆச்சு, அப்புறம் பசங்க எப்ப ஆடுறது?" என்பார் இன்னொருவர். பெலேவுக்குச் சிலை வைத்த இடம் கௌதமபுரம். 1948 ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக கோல் போட்ட சாரங்கபாணி ராமனும், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய அருமைநாயகமும் இந்த பெங்களூரில் இருந்து போனவர்கள்தான். அதனால் இங்கே ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு உண்டு.

அந்தத் தீர்ப்புகள் பெரும்பாலும் வயதோடு நின்றுவிடுகின்றன. என்னைக் கேட்டால் வயது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, அவர் போனால் அந்த இடத்தில் யார் ஆடுவார் என்பது. இரண்டாவது, அவருடைய ஆட்டம் காலை நம்பியிருக்கிறதா, கண்ணை நம்பியிருக்கிறதா என்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், எத்தனை வருட கான்ட்ராக்ட் என்பது ஓரளவு தானாகவே முடிவாகிவிடும்.

கிளப்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள் அதிகம் இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்குத் துணிந்து கையெழுத்து போடலாம். ஒரு வருடம் மட்டும் தரலாம். ஒரு வருடம் கொடுத்து, இத்தனை மேட்ச் ஆடினால் இன்னொரு வருடம் என்று நிபந்தனை வைக்கலாம். அல்லது நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். ஆடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு வேறு வேலை கொடுத்து உள்ளேயே வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. பெங்களூருக்கு அது நன்றாகப் பழக்கமானது, பின்னால் அதற்கு வருகிறேன்.

முதலில் நீண்ட கான்ட்ராக்ட். இதற்குக் கெட்ட பெயர் அதிகம், காரணமும் இருக்கிறது. 2020 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் தன் ஃபார்வர்டு அவுபமெயாங்குக்கு மூன்று வருட கான்ட்ராக்ட் கொடுத்தது. அப்போது அவருக்கு 31 வயது. முந்தைய சீசனில் லீகில் 22 கோல் போட்டவர், எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்திலும் இரண்டு கோல் அடித்தவர். ரசிகர்கள் கெஞ்சாத குறையாகக் கேட்டார்கள், கிளப்பும் கொடுத்தது. அடுத்த சீசனில் லீக் கோல்கள் பாதிக்கும் கீழே இறங்கின. 2021 டிசம்பரில் கேப்டன் பதவி போயிற்று. 2022 பிப்ரவரிக்குள் கான்ட்ராக்டை ரத்து செய்து இலவசமாக பார்சிலோனாவுக்கு அனுப்பினார்கள். மூன்று வருடம் என்று எழுதியதில் பாதிக் காலம்கூட அவர் அங்கே இல்லை.

அவர் சோம்பேறியாகிவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவருடைய ஆட்டம் எதை நம்பியிருந்தது என்று பாருங்கள். டிஃபென்டரின் முதுகுக்குப் பின்னால் முதல் ஐந்து மீட்டரில் கிடைக்கும் வேகம்தான் அவருடைய சொத்து. முப்பதைத் தாண்டியதும் முதலில் கழியும் சொத்தும் அதுதான். ஒரே ஒரு முறை வேகமாக ஓடச் சொன்னால் 33 வயதுக்காரரும் ஓடிவிடுவார். ஓடி, முப்பது விநாடி கழித்து மறுபடியும் ஓடி, அதையே எழுபதாவது நிமிடத்திலும் செய்யச் சொன்னால்தான் வித்தியாசம் தெரியும். தொடைப் பின்தசை, அதாவது நம் பையன்கள் ஹேம்ஸ்ட்ரிங் என்று சொல்வது, வயது ஏற ஏற இந்த வகை ஓட்டத்தில்தான் பிடித்துக்கொள்ளும். ஒரு முறை பிடித்த இடத்தில் மறுபடியும் பிடிப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

எதிர்ப்பக்கத்தில் இத்தாலிய மிட்ஃபீல்டர் ஆந்த்ரேயா பிர்லோ இருக்கிறார். 2011-ல் ஏ.சி. மிலான் இத்தாலிய லீகை வென்ற அதே கோடையில், 32 வயதான அவரைப் போக விட்டது. முப்பது தாண்டியவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் கிடையாது என்பது அப்போது அங்கே இருந்த கணக்கு. அந்த சீசனில் காயத்தால் அவர் அதிகம் ஆடவும் இல்லை. ஜுவென்டஸ் மூன்று வருடம் எழுதிக் கொடுத்து, டிரான்ஸ்ஃபர் பணம் ஒரு பைசா இல்லாமல் அவரை எடுத்துக்கொண்டது. அவர் அங்கே இருந்த நான்கு சீசனிலும் ஜுவென்டஸ்தான் சாம்பியன். முதல் சீசனில் லீகில் ஒரு தோல்விகூட இல்லை.

பிர்லோ எப்போதுமே வேகமானவர் இல்லை. இல்லாத வேகத்தை வயது எங்கிருந்து எடுக்கும்? அவருடைய முதலீடு எல்லாம் பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பார்ப்பதிலும், நாற்பது மீட்டர் பாஸிலும் இருந்தது. மிலான் அவருடைய பிறந்த வருடத்தைப் பார்த்தது. ஜுவென்டஸ் அவர் எப்படி ஆடுகிறார் என்று பார்த்தது.

ஆகவே நீண்ட கான்ட்ராக்ட் யாருக்கு என்பதைக் கிட்டத்தட்ட பொசிஷனை வைத்தே சொல்லிவிடலாம். கோல்கீப்பருக்குத் தரலாம். டினோ ஸோஃப் 40 வயதில் கேப்டனாக 1982 உலகக் கோப்பையைத் தூக்கினார், புஃபோன் 45 வயதில்தான் கையுறையைக் கழற்றினார். இடம் பிடித்து ஆடும் ஸ்டாப்பருக்கும் (நடு டிஃபென்டர்), நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுப்பவருக்கும் யோசித்துத் தரலாம். விங்கருக்கும், லைன் நெடுக ஏறி இறங்கும் சைடு பேக்குக்கும் 31-க்கு மேல் இரண்டு வருடத்தைத் தாண்டினால் அது தர்மக் கணக்கு. விதிவிலக்கு இருக்கிறதே என்று லிவர்பூல் விங்கர் சலாவைக் காட்டுவார்கள். 2024-25 சீசனில் லீகில் 29 கோல், 18 அசிஸ்ட், அதாவது கோலாக மாறிய பாஸ். 2025 ஏப்ரலில், 32 வயதில், லிவர்பூல் அவருக்கு இரண்டு வருடம் நீட்டித்தது. நானாக இருந்தாலும் நீட்டித்திருப்பேன். ஆனால் அதே வருட டிசம்பரில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகக் கோபப்பட்டார். விதிவிலக்குகளுக்கே ஏழெட்டு மாதத்தில் இப்படி என்றால் மற்றவர்களை என்ன சொல்வது?

ஒரு வருட கான்ட்ராக்டைத்தான் நிர்வாகிகளுக்குப் பிடிக்கும். ஆபத்து குறைவு, அடுத்த வருடம் அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆர்சனலில் கோச் வெங்கர் இதை ஒரு விதியாகவே வைத்திருந்தார். முப்பதைத் தாண்டிய ஃபார்வர்டா, மிட்ஃபீல்டரா, ஒரு வருடம்தான். அந்த விதியால் போனவர் மிட்ஃபீல்டர் ராபர்ட் பிரேஸ். 2006-ல் அவருக்கு 32. ஆர்சனல் ஒரு வருடம் என்றது, வில்லாரியல் இரண்டு என்றது, அவர் ஸ்பெயினுக்குப் போனார்.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதுதான் சுவாரசியம். வில்லாரியல் போய்ச் சேர்ந்த உடனேயே, சீசன் தொடங்கும் முன்பான ஆட்டத்தில் முழங்கால் லிகமென்ட் அறுந்து பல மாதம் வெளியே உட்கார்ந்தார். முதல் வருடத்தின் பெரும்பகுதி அப்படியே போயிற்று. அன்றைக்குத் தீர்ப்பு எழுதியிருந்தால் வெங்கர்தான் ஜெயித்தார். ஆனால் இரண்டாவது வருடம், 2007-08-ல், வில்லாரியல் ஸ்பானிஷ் லீகில் இரண்டாம் இடம் பிடித்தது, அதில் பிரேஸுக்கு நல்ல பங்கு. அவரை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்திருந்தால் அந்தக் கிளப்புக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரு மருத்துவ பில்தான். ஒரு வருட விதி ஆபத்தைக் குறைக்கிறது என்பது உண்மை. ஒரு காயத்துக்குப் பிறகு திரும்பி வரும் நேரத்தையும் அது சேர்த்தே வெட்டிவிடுகிறது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வீரர் பக்கத்தில் இருந்தும் பார்க்க வேண்டும். 34 வயதில் ஒருவர் இரண்டாவது வருடத்தைக் கேட்பது பேராசையால் இல்லை. பிப்ரவரியில் முழங்கால் போனால் ஜூனில் சம்பளம் இருக்காது என்ற பயம். ஸ்டாப்பர் செர்ஹியோ ரமோஸ் 2021-ல் ரியல் மாட்ரிட்டை விட்டது இதே இழுபறியில்தான். கிளப் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்து ஒரு வருடம் என்றது, அவர் இரண்டு கேட்டார். கடைசியில் ஒரு வருடத்துக்கே ஒப்புக்கொண்டபோது அந்த ஆஃபருக்கு நாள் கடந்துவிட்டது என்றார்கள். அவரே சொன்ன கதை இது. பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கிளப் இரண்டு வருடம் கொடுத்தது. காயத்தால் அவர் அங்கே முதல் ஆட்டம் ஆட நவம்பர் இறுதி ஆயிற்று.

அதே பாரிஸ் கிளப் 2020-ல் ஸ்டாப்பர் தியாகோ சில்வாவுக்கு 35 வயது என்று சொல்லி நீட்டிக்கவில்லை. செல்சி ஒரே ஒரு வருடம் கொடுத்தது. அந்த சீசன் முடிவில் செல்சி சாம்பியன்ஸ் லீகை வென்றது. பிறகு ஒவ்வொரு வருடமாக நீட்டி நீட்டி 2024 வரை, அதாவது 39 வயது வரை அங்கே ஆடினார். ரியல் மாட்ரிட்டில் மிட்ஃபீல்டர் மோட்ரிச்சும் இப்படித்தான் ஒவ்வொரு வருடமாக நீட்டி 2025 வரை ஓடினார். ஒரு வருட முறை இவர்களிடம் வேலை செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு பக்கமும் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை. வருடா வருடம் பேசுவது வழக்கமாகிவிட்டால் அதில் கௌரவப் பிரச்சினை வராது. திடீரென்று 33 வயதுக்காரரிடம், நேற்று வரை மூன்று வருடம் கொடுத்துவிட்டு, இன்று ஒன்று என்றால்தான் முகம் சுருங்கும்.

மூன்றாவது வழி, நிபந்தனை. இருபது மேட்ச் ஆடினால் அடுத்த வருடம் தானாக நீளும் என்று எழுதுவது. காகிதத்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. ஆடினால் சம்பளம், ஆடாவிட்டால் நன்றி, வணக்கம். சிக்கல் என்னவென்றால் யார் ஆடுவது என்று முடிவு செய்வது வீரர் இல்லை, கோச். பதினெட்டாவது மேட்ச் முடிந்ததும் நிர்வாகத்திலிருந்து கோச்சுக்கு ஒரு ஃபோன் போகும். இது கற்பனை இல்லை. 2022-ல் ஃபார்வர்டு கிரீஸ்மனை பார்சிலோனாவிடம் இருந்து கடனாக வைத்திருந்த அட்லெட்டிகோ மாட்ரிட், குறிப்பிட்ட அளவு ஆட்டங்களில் அவர் 45 நிமிடத்துக்கு மேல் ஆடினால் நாற்பது மில்லியன் யூரோ கொடுத்து வாங்கியாக வேண்டும் என்ற ஷரத்தில் மாட்டியிருந்தது. சீசன் தொடக்கத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் அவரை அறுபது நிமிடத்துக்குப் பிறகுதான் இறக்கினார்கள். உலகக் கோப்பை வென்ற ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் இருந்தார். அக்டோபரில் குறைந்த விலைக்குப் பேசி முடித்த பிறகுதான் அவர் ஒழுங்காக ஆட வந்தார்.

நிபந்தனை வைப்பதானால் மேட்ச் எண்ணிக்கையை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. "காயமின்றித் தேர்வுக்குத் தயாராக இருந்த நாட்கள்" என்று வைக்கலாம். வீரர் கையில் இருப்பது அதுதான். பயிற்சிக்கு வந்தாரா, உடம்பைப் பார்த்துக்கொண்டாரா என்பதற்கு அவர் பொறுப்பு. கோச் இறக்கினாரா என்பதற்கு இல்லை.

நான்காவது, விட்டுவிடுவது. இங்கேதான் என் முதல் கேள்வி வேலைக்கு வருகிறது. இரண்டு உதாரணங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2020-ல் பார்சிலோனாவின் புதிய கோச் குமன், 33 வயதான ஸ்ட்ரைக்கர் லூயிஸ் சுவாரஸிடம் உனக்கு இங்கே இடமில்லை என்று ஃபோனில் சொன்னார். அற்ப விலைக்கு அதே லீகில் இருந்த அட்லெட்டிகோவுக்குப் போனார் சுவாரஸ். அந்த சீசனில் லீகில் 21 கோல். கடைசி நாளில் வல்லடோலிடுக்கு எதிராக வெற்றி கோலைப் போட்டு அட்லெட்டிகோவைச் சாம்பியனாக்கினார். பார்சிலோனா மூன்றாவது இடம். சுவாரஸின் முழங்கால் தேய்ந்திருந்தது உண்மை, சம்பளம் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் அவருக்குப் பதிலாக அந்தக் கோடையில் யாரையும் வாங்கவில்லையே! காலியான இடத்தோடு ஒப்பிட்டால் தேய்ந்த முழங்காலும் தங்கம்தான்.

இன்னொன்று நம் ஊர்க் கதை. பெங்களூரு எஃப்.சி. 2013-ல் தொடங்கியதிலிருந்து ஸ்டாப்பராக நின்றவர் இங்கிலாந்துக்காரர் ஜான் ஜான்சன். அப்போதைய தேசிய லீகான ஐ-லீக் இரண்டு முறை, ஃபெடரேஷன் கோப்பை, ஆசிய கிளப்களுக்கான 2016 ஏ.எஃப்.சி. கோப்பை இறுதி ஆட்டம் என்று எல்லாவற்றிலும் அவர் பங்கு உண்டு. கண்டீரவா ஸ்டேடியத்தில் அவருக்கு இருந்த செல்வாக்கு தனி. 2018-ல் ஐந்து சீசனுக்குப் பிறகு கிளப் அவரை நீட்டிக்கவில்லை. பலருக்கு வருத்தம், கோபமும்கூட. ஆனால் ஹுவானன் ஏற்கெனவே அணியில் இருந்தார், ராகுல் பேக்கே இருந்தார், செர்ரானையும் கொண்டுவந்தார்கள். அடுத்த சீசனிலேயே பெங்களூரு ஐ.எஸ்.எல். சாம்பியன். கோவாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், எக்ஸ்ட்ரா டைமில், தலையால் முட்டி ஒரே கோலைப் போட்டவர் பேக்கே. ஜான்சன் மோசமாகிவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த ஆள் தயாராக இருந்தார், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த பேக்கே 2021-ல் மும்பைக்குப் போய், அங்கே கோப்பைகள் வென்று, 33 வயதில், 2024-ல் திரும்பவும் பெங்களூருக்கே வந்தார். விட்ட வீரரைத் திரும்ப எடுப்பதும் ஒரு வழிதான். அனுப்பும்போது கதவைச் சாத்தாமல் அனுப்பியிருக்க வேண்டும்.

இந்தியக் கணக்கு ஐரோப்பியக் கணக்கிலிருந்து ஒரு விஷயத்தில் மாறும். ஐ.எஸ்.எல்.லில் சில சீசன்களாக ஒரு கிளப் ஆறு வெளிநாட்டு வீரர்களை வைத்துக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் நால்வர் களத்தில் இருக்கலாம் என்ற விதி. எல்லா கிளப்பும் அந்த நான்கை நடு மைதானத்திலும் முன்னாலும்தான் செலவு செய்யும். இதனால் இரண்டு விளைவுகள். 34 வயது வெளிநாட்டு வீரருக்கு இரண்டு வருடம் கொடுப்பது பெரிய சூதாட்டம், அவருக்குக் காயம் என்றால் ஆறில் ஒன்று காலி. இந்தியரான சென்டர் ஃபார்வர்டு வந்தால் கணக்கு தலைகீழ். இளம் இந்திய ஸ்ட்ரைக்கர்களுக்கு ஆட இடமே கிடைப்பதில்லை என்பதால், கோல் போடத் தெரிந்த இந்தியருக்கு மாற்று ஆள் சந்தையிலேயே இல்லை.

பெங்களூரு எஃப்.சி.யின் ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரி விஷயத்தை இப்படிப் பார்த்தால்தான் புரியும். 1984-ல் பிறந்தவர். 2022-23 சீசனில் அவரைப் பல ஆட்டங்களில் பெஞ்சில் வைத்து, தமிழ்நாட்டுப் பையன் சிவசக்தி நாராயணனை முதலில் இறக்கினார்கள். அந்த சீசனில் பெங்களூரு வரிசையாக ஜெயித்து இறுதி ஆட்டம் வரை போயிற்று. கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான பிளே-ஆஃபில், எக்ஸ்ட்ரா டைமில் விசில் ஊதுவதற்கெல்லாம் காத்திருக்காமல் ஃப்ரீ கிக்கைத் தூக்கிப் போட்டு, எதிரணியே மைதானத்தை விட்டு வெளியேறிய அந்தக் கலாட்டா கோலைப் போட்டவர், மாற்று வீரராக இறங்கிய சேத்ரி. அன்றைக்கே பலர் அவர் கதை முடிந்தது என்றார்கள். 2024-25 சீசனில் அதே மனிதர் 14 கோல், இந்தியர்களில் அவர்தான் முதலிடம். சீசன் தொடக்கத்தில் பெஞ்சிலிருந்து வந்து கோல் போட்டார். டிசம்பரில் அதே கேரளாவுக்கு எதிராக, 40 வயதில், ஹாட்ரிக்.

இதிலிருந்து எல்லா நாற்பது வயதுக்காரரையும் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது முடிவு செய்தால் அது ஆபத்து. நமக்குச் சேத்ரி தெரிகிறார். 36-ல் நின்றுபோன மற்றவர்கள் ஞாபகத்திலேயே இல்லை. சேத்ரியிடம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. கிளப் அவரை நீட்டித்தபோது பழைய வேலையைத் திரும்பக் கொடுக்கவில்லை. ஓட்டத்தைக் குறைத்து, எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் நிற்கும் வேலையையும் கடைசி அரை மணி நேரத்தையும் கொடுத்தது. அவரும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார். பெஞ்சில் உட்காரத் தெரியாத சீனியரை, எவ்வளவு திறமை இருந்தாலும், ஒரு வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. டிரெஸ்ஸிங் ரூமில் அவர் தரும் அனுபவத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அவர் தரும் எரிச்சலைப் பற்றிப் பேச மாட்டார்கள். இரண்டும் பையன்களின் தலையில்தான் இறங்கும்.

பணத்தைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். சீனியரின் சம்பளத்தில் பாதி, அவர் ஏற்கெனவே ஆடி முடித்த ஆட்டங்களுக்கானது. புதுப்பிக்கும்போது அதை அப்படியே தொடர விட்டால் கிளப் கடந்த காலத்துக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறது. இந்தியாவில் இன்னொரு பக்கமும் உண்டு. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நடக்குமா நடக்காதா என்று தொங்கியபோது, ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. லீகே நிச்சயமில்லாத இடத்தில் இரண்டு வருட கான்ட்ராக்டின் இரண்டாவது வருடத்துக்கு என்ன மதிப்பு என்று வீரர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இந்தப் பயமே இல்லாமல் ஒரு தலைமுறை இந்த ஊரில் ஆடியது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. மாதிரி பொதுத்துறை நிறுவனங்கள் பந்தாட்டக்காரர்களை வேலைக்கு எடுத்தன. காலையில் மைதானம், மதியம் ஷாப் ஃப்ளோர் அல்லது ஆபீஸ். 33 வயதில் கால் ஓய்ந்தால் டீமிலிருந்து பெயர் போகும், சம்பளப் பட்டியலிலிருந்து போகாது. முழு நேரமாகத் தன் மேஜைக்குப் போய், 58-லோ 60-லோ ஓய்வு பெற்று, பி.எஃப். பணத்தில் வீடு கட்டியவர்கள் அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் நிறைய. அங்கே கோச் ஒருவரை உட்கார வைப்பதும் சுலபம், அவர் உட்காருவதும் சுலபம். யார் வயிற்றிலும் அடிக்கவில்லை அல்லவா? அந்த ஏற்பாட்டுக்கும் ஒரு விலை இருந்தது. யாரையும் அனுப்ப அவசரம் இல்லாததால் டீம் மெல்லக் கிழடு தட்டும், புதுப் பையனுக்கு வேலை காலியானால்தான் இடம். ஆனாலும் இன்றைய கிளப்கள் அதில் பாதியையாவது கடன் வாங்கலாம். சீனியருக்கு ஒரு வருட கான்ட்ராக்டோடு சேர்த்து, அகில இந்திய கால்பந்து சம்மேளனம் (ஏ.ஐ.எஃப்.எஃப்.) நடத்தும் டி-லைசென்ஸ் என்ற தொடக்க நிலை கோச்சிங் பயிற்சிக்குக் கிளப்பே பணம் கட்டலாம். இரண்டாவது வருடத்தை ஆடும் வருடமாகத் தராமல், அகாடமிப் பையன்களுக்குக் கோச் என்று எழுதித் தரலாம். சம்பளம் குறைவாக இருந்தாலும் பலர் ஒப்புக்கொள்வார்கள். ஒரு வருடமா இரண்டா என்ற இழுபறியில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

இதையெல்லாம் நான் உதவிக்குப் போகும் ஒரு சின்ன கிளப்பில் வைத்துப் பார்க்கிறேன். மாவட்ட லீகில் ஆடும் கிளப். மேட்ச்சுக்கு இவ்வளவு, சீசனுக்கு இவ்வளவு என்று பேசித்தான் ஆள் எடுப்போம். எங்களிடம் ஜி.பி.எஸ். உடுப்பு கிடையாது. பெரிய கிளப்கள் அதை மாட்டிவிட்டு, வீரர் வேகமாக ஓடிய தூரத்தை இரண்டு வருடத்துக்கு முன்பு அதே வீரர் ஓடியதோடு ஒப்பிடும். நாங்கள் கண்ணால் பார்ப்பதுதான். எட்டு நாளில் மூன்றாவது மேட்ச் என்றால் அவர் எப்படி இருக்கிறார், எழுபதாவது நிமிடத்தில் பந்து போன பிறகு திரும்பி ஓடுகிறாரா, இடுப்பில் கை வைக்கிறாரா. காயமும் ஒரே மாதிரி இல்லை. யாரோ மிதித்ததால் வந்த காயம் துரதிர்ஷ்டம். யாரும் தொடாமல் ஓடும்போதே பிடித்த தசை ஒரு சீசனில் இரண்டு முறை வந்தால் அது தகவல். அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தின் செயற்கைப் புல்லில் மேட்ச் முடிந்த மறுநாள் யார் படியில் பக்கவாட்டில் இறங்குகிறார்கள் என்பதையும் பார்ப்பேன்.

எங்கள் மூன்று பேர் விஷயத்தில் என் ஓட்டு இப்படி. கோல்கீப்பர் அண்ணனுக்கு 36. பின்னால் இருக்கும் பையனுக்கு 19, பக்கவாட்டிலிருந்து தூக்கிப் போடும் க்ராஸ் பந்துக்கு வெளியே வரத் தயங்குகிறான். அண்ணனுக்கு இரண்டு வருடம், பையனைத் தயார் செய்வது அந்த இரண்டு வருடத்தின் வேலையில் பாதி என்று பேச்சிலேயே சேர்த்து. நடுவில் ஆடுபவருக்கு 34. பார்வை அபாரம், ஓட்டம் எப்போதும் இருந்ததில்லை, மாற்று ஆளும் இல்லை. ஒரு வருடம், கோச்சிங் லைசென்ஸுக்குக் கிளப் செலவு.

விங்கருக்கு 32. கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்தவர் அவர்தான், இரண்டு வருடம் கேட்கிறார். ஹேம்ஸ்ட்ரிங் இந்த சீசனில் இரண்டு முறை பிடித்தது, அவர் இல்லாத மேட்ச்களில் 20 வயதுப் பையன் ஒருவன் அந்தப் பக்கத்தைக் குறை சொல்ல முடியாதபடி ஆடினான். ஒரு வருடம், அதுவும் பெஞ்சில் இருந்து வரும் ஆளாக. இதை மே மாதம் வரை மென்று விழுங்காமல் இப்போதே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். பெரிய கிளப்களில்கூட கான்ட்ராக்டில் ஆறு மாதம் மீதி இருக்கும்போதே வீரர் வேறு இடத்தோடு பேசி முடிக்கலாம் என்பது ஃபிஃபா விதி. நம் வீரருக்கும் அந்த அவகாசம் தேவை. இரண்டு வருடம் தருகிற இடம் அவருக்குக் கிடைத்தால் போகட்டும், என்.ஓ.சி. கேட்டு வந்த அன்றைக்கே செயலாளர் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.